ஒன்பதாவது பஞ்சு

பயிற்சியின் முதல் வாரத்தில் எடுத்த படம் ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது. ஐப்பசி மாதம், வெளியே மழை. ஆய்வகத்தின் முன்னறையில் எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறோம். எட்டுப் பேரும் இடது கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, தோளுக்குக் கீழே பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கிறோம். வரிசையின் கடைசியில் நல்லக்கண்ணு அண்ணன் நிற்கிறார். அவரும் பஞ்சு வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய பஞ்சு முழங்கை மடிப்பில் இருக்கிறது.

இந்த ஒரு சாண் வித்தியாசத்தை நான் நான்கு மாதம் கவனிக்கவில்லை.

விலங்குகளிடமும் மனிதர்களிடமும் வரும் வைரஸ் நோய்களை ஆராய்வதற்காக, படிப்பை முடித்து ஓரிரு வருடமே ஆனவர்களுக்கு நடத்தப்படும் ஓராண்டுப் பயிற்சி அது. தஞ்சாவூருக்கு வெளியே, சுற்றிலும் வயல் உள்ள இரண்டு மாடிக் கட்டடம். எட்டுப் பேரில் நால்வர் என்னைப் போலக் கால்நடை மருத்துவம் படித்தவர்கள். மற்ற நால்வர் இர்ஃபானாவைப் போல நுண்ணுயிரியல். எங்களுக்குத் தலைவர் சந்தானகிருஷ்ணன் சார்.

நல்லக்கண்ணு அண்ணன் மாடு பிடிக்க வந்தவர். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆள், பூதலூர் பக்கம் ஊர். ஊர் ஊராகப் போய் மாட்டிலும் ஆட்டிலும் ரத்தம் எடுப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. எந்த மாடானாலும் அவர் பக்கவாட்டில் போய் நின்று, இரண்டு விரலை மூக்கில் கொடுத்துத் தலையைத் திருப்பிவிடுவார். மாடு ஏதோ யோசனையில் ஆழ்ந்ததுபோல நின்றுவிடும். முதல் நாள் கழுத்து நரம்பு எனக்கு மூன்று தடவை தப்பியது.

"டாக்டரம்மா, இது மாடு. உங்க காலேஜ் பரீட்சை இல்ல. யோசிக்காமக் குத்துங்க."

இர்ஃபானாவுக்கு மாடென்றாலே பயம். அவளிடம் சொல்வார்: "பாப்பா, அது உன்னப் பாத்துப் பயப்படுது, நீ அதப் பாத்துப் பயப்படுறே. ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தர் முதல்ல தைரியமாவுங்க, எனக்குக் கை வலிக்குது."

அப்படிப்பட்டவர் ஊசியைப் பார்க்கமாட்டார். மாட்டுக்கு நாங்கள் ஊசியை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்காக நாங்கள் அவரைக் கேலி செய்ததுண்டு.

பயிற்சியில் சேருகிறவர்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். பயிற்சியாளர் எட்டுப் பேர் என்று பட்டியல் எழுதியவள் நான்தான். மாடு பிடிக்கிறவர் பயிற்சியாளர் இல்லை, நிரந்தர ஊழியரும் இல்லை. அதனால் அவர் பெயர் பட்டியலில் எந்த இடத்திலும் வரவில்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. அவருக்கென்று அந்தத் தாளில் ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான். இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தாலும் அது சமாதானமாக மாறுவதில்லை.

அவருடைய பெயர் வேறொரு தாளில் இருந்தது. தடுப்பூசி எங்கள் உடம்பில் வேலை செய்ததா என்பதை எங்கள் ரத்தத்தை வைத்து நாங்களே அளக்க வேண்டும். அதுதான் எங்கள் முதல் செய்முறைப் பாடம். அளப்பதற்கு ஒரு தொடக்கம் வேண்டும். தடுப்பூசியே போடாத ஒருவருடைய ரத்தம். அதில் விடை பூஜ்யம் வர வேண்டும். அங்கே பூஜ்யம் வந்தால்தான் மற்ற எண்களை நம்பலாம்.

"நம்ம நல்லக்கண்ணுகிட்ட எடுத்துக்கலாமே" என்றார் சார். எல்லோருக்கும் அது சுலபமாகத் தோன்றியது.

எங்களுக்குத் தடுப்பூசி போட்ட அதே நாள், அதே அறை, அதே நாற்காலி. நான் ஒப்புதல் தாளை நீட்டினேன். இரண்டு பக்கம், நல்ல தமிழில் நானே எழுதியது.

"படிச்சுக் காட்டவா அண்ணே?"

"நீங்க எழுதினதுதானே. தப்பாவா இருக்கப் போவுது."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் படித்துக் காட்டவில்லை. "கையக் காட்டுங்க அண்ணே" என்றேன். அவர் கையை நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே வாய்க்காலில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஊசி உள்ளே போனதை அவர் உணர்ந்திருப்பார். அது எதையாவது உள்ளே விட்டதா, வெளியே எடுத்ததா என்று அவர் பார்க்கவில்லை. முடிந்ததும் இர்ஃபானா பஞ்சை வைத்து அழுத்தினாள். எங்களுக்குக் கொடுத்த பிஸ்கட்டும் ஜூஸும் அவருக்கும் கொடுத்தோம். பிறகு அந்தப் படம் எடுத்தோம்.

எடுத்து முடித்ததும் நான் சொன்னேன்: "இனிமே நம்மள எந்த நாய் கடிச்சாலும், நாய்தான் சாவும்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் நல்லக்கண்ணு அண்ணன்.

கார்த்திகையில் ஒருநாள் இர்ஃபானா கேட்டாள்: "மது, அண்ணனுக்கும் ஊசி போட்டுடலாமே. தினமும் மாட்டு வாயிலதான் நிக்கிறாரு."

"போடலாம். டிசம்பர்ல இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும். இப்ப போட்டா அவரு பூஜ்யமா இருக்கமாட்டாரு. எடுத்ததும் போட்டுடுவோம்."

டிசம்பரில் எடுத்தோம். அன்றும் அவர் ஜன்னலைப் பார்த்தார். அன்றும் பஞ்சு வைத்தோம். அதன்பின் மார்கழி மழை, அறிக்கை, ஊர்ப் பயணங்கள். ஊசி போடுவது எங்கள் ஞாபகத்திலிருந்து நழுவியது. அவர் கணக்கிலோ இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பூதலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன் வந்தது. ரெங்கம்மாள் என்பவர் வீட்டுப் பசு இரண்டு நாளாகத் தின்னவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, குரல் மாறிக் கத்துகிறது. நாங்கள் மூன்று பேர் போனோம். நான், இர்ஃபானா, அண்ணன்.

"பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தோம். சக்கை தொண்டையில மாட்டிக்கிச்சு போல" என்றார் ரெங்கம்மாள்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்ததால்தான் எல்லோருக்கும் கையுறை கொடுத்தேன். அண்ணன் வலது கை உறையைக் கழற்றினார்.

"ரப்பரு வழுக்குது டாக்டரம்மா. நாக்கப் பிடிக்க முடியல."

"வேணாம் அண்ணே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை முழங்கை வரை மாட்டின் வாய்க்குள் இருந்தது. கரும்புச் சக்கை எதுவும் இல்லை. கையை இழுத்தபோது விரல் முட்டிகளில் பல் கீறி ரத்தம் கசிந்தது.

"சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"கீறலுதானே" என்று சொல்லிக்கொண்டே அடிபம்புக்குப் போனார். இர்ஃபானா தண்ணீர் அடிக்க, நெடுநேரம் கழுவினார். அவர் பயப்படவில்லை. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை.

இரண்டு நாளில் மாடு செத்தது. மூளையிலிருந்து எடுத்த மாதிரியை இர்ஃபானாதான் நுண்ணோக்கியில் பார்த்தாள். இருட்டில் பச்சைப் புள்ளிகள் மின்னின. எங்கள் குழு தானாகவே கண்டுபிடித்த முதல் வெறிநோய். சார் அவளுக்குக் கை கொடுத்தார். யாரோ கடலைமிட்டாய் வாங்கிவந்தார்கள். அந்த அரை மணி நேரம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

பிறகு மாட்டைத் தொட்டவர்களின் பட்டியலை எடுத்து வரிசையாகப் போன் செய்தேன். ரெங்கம்மாள் வீட்டில் நான்கு பேரையும் நானே அழைத்துப்போய் ஊசி போடவைத்தேன். அண்ணன் அறுவடைக்காக விடுப்பில் இருந்தார். போனில் அறுவடை இயந்திரத்தின் சத்தம்.

"அண்ணே, அந்த மாட்டுக்கு வெறிநோய்தான். இன்னைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்கணும். கேக்குதா?"

"கேக்குதும்மா. இந்தா, கிளம்புறேன்."

நான்கு நாள் கழித்து மறுபடி கேட்டேன். "ஊசி போட்டாச்சா அண்ணே?"

"போட்டாச்சும்மா."

பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டேன். எத்தனை என்று கேட்கவில்லை.

மாசியில், அண்ணனை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக அவருடைய மனைவி அம்சவல்லி போன் செய்தார். கை எரிகிறதாம், இரண்டு நாளாகத் தூக்கம் இல்லையாம், தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதாம். தண்ணீர் என்ற சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாததுபோல வண்டி ஓட்டிக்கொண்டு போனேன்.

பகல் பதினோரு மணி. தனி அறை. மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். காற்றுப் பட்டால் அவருக்குத் தொண்டை இழுத்தது. அம்சவல்லி ஈரத் துணியால் அவர் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார். அம்சவல்லியின் ஆள்காட்டி விரலில் ஒரு கட்டு. இழுப்பு வந்தபோது அண்ணனின் பல் பட்டுவிட்டது என்றார்.

என்னைப் பார்த்ததும் அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "என்னம்மா, மூஞ்சி இப்படி இருக்கு? இங்க எல்லாரும் அந்த நோவா இருக்குமோன்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லிட்டேன், அதெல்லாம் இருக்காதுன்னு. எனக்குத்தான் அன்னைக்கே நீங்க போட்டீங்களே."

"எதை அண்ணே?"

"ஊசியத்தான். உங்களோட சேந்து. ரெண்டு தடவ." முழங்கை மடிப்பைத் தொட்டுக் காட்டினார். "அதச் சொன்னதும்தானே ஆஸ்பத்திரியில ரெண்டு ஊசி போதும்னு விட்டுட்டாங்க. இல்லன்னா நெறையா குத்துவாங்களாம். தப்பிச்சேன்."

அம்சவல்லி தலையணைக்குக் கீழிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். 'முன்பே தடுப்பூசி போட்டவர்' என்று எழுதியிருந்தது. முன்பே போட்டவருக்கு இரண்டு ஊசி போதும். காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்து தேவையில்லை. விதி அப்படித்தான். சீட்டு எழுதியவர் ஒரு தவறும் செய்யவில்லை.

நான் அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு என்ன மிச்சம் இருந்தது? இப்போது நினைத்தால், அந்த மௌனம் அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னார்: "பாப்பாகிட்ட சொல்லுங்க, மாட்டப் பாத்துப் பயப்பட வேணாம்னு. வந்து பிடிச்சுக் கொடுக்கிறேன்."

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

அதற்கு நான்கு நாள் கழித்து அவர்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "உங்க லேப்ல வேலை பாத்தவரோட சம்சாரம் ஊசி போட வரமாட்டேங்குது மேடம். விரல்ல கடி இருக்கு, ஊசி போடணும்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுதி அனுப்பியிருக்காங்க. ரெண்டு தடவை வீட்டுக்குப் போயிட்டேன். 'போட்டவரே போயிட்டாரு, எனக்கு எதுக்கு'ங்குது. நான் என்னன்னு சொல்றது?"

போனை வைத்துவிட்டுச் சாரின் அறைக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். பஞ்சு, சீட்டு, டிசம்பர்.

"மேலிடத்திலேர்ந்து விசாரணை வரப்போகுது, மதுவந்தி. அது முடியறவரைக்கும் நாம வாயத் தொறந்து எதுவும் சொல்லக் கூடாது. சில பேருக்கு ஊசி வேலை செய்யறதில்லன்னு சொல்லுங்க. அது பொய்யில்லையே."

"அதைச் சொன்னா அவங்க போட்டுக்கமாட்டாங்க சார்."

அவர் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை.

அறைக்கு வெளியே இர்ஃபானா நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். கார்த்திகையில் அவள் என்னிடம் கேட்டதை அன்றும் அதற்குப் பிறகும் அவள் ஒரு தடவைகூட நினைவுபடுத்தவில்லை. "நானும் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவர்கள் தெரு வாய்க்காலை ஒட்டி இருந்தது. தாளடி நெல் அறுத்த வயலில் உளுந்து நாலு இலை விட்டிருந்தது. அம்சவல்லி வாசலில் உட்கார்ந்து அண்ணனின் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் கொடுத்த பூட்ஸ்.

"வாங்கம்மா. இத உங்ககிட்டக் கொடுத்துடணும்னுதான் கழுவுறேன். வேற யாருக்காச்சும் ஆவுமே." எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "டீ போடட்டுங்களா?"

"வேணாங்க. விரல் எப்படி இருக்கு?"

"ஆறிப்போச்சு." விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். "ஊசி போடச் சொல்லத்தான் வந்திருக்கீங்க. வேணாம்மா. அவருக்கு அங்க ரெண்டு, இங்க ரெண்டு. நாலு ஊசி. நாலும் கேக்கல. எனக்கு மட்டும் கேட்டுடவா போவுது? போவட்டும்னு விட்டுட்டேன்."

எங்கள் ஆய்வகத்தில் கணக்காகச் சொல்வோம்: கடிபட்ட நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கதவு மூடுகிறது என்று. ஏழு கதவு மூடியிருந்தது.

"அங்க போட்டது ஊசி இல்லைங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க எட்டுப் பேருக்கும் அன்னைக்குத் தடுப்பூசி. அண்ணன்கிட்ட நாங்க ரத்தம்தான் எடுத்தோம். ரெண்டு தடவையும். அவருக்கு மருந்து எதுவும் ஏத்தல."

"ரத்தமா? எதுக்கு?"

சொன்னேன். ஊசி போடாத ஒருவரின் ரத்தம் எங்களுக்கு வேண்டியிருந்தது என்று சொன்னேன். அவர் மருந்து போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"அவருக்கும் போடலாம்னு ஒரு பொண்ணு கேட்டா. நான்தான் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துட்டுப் போடலாம்னு சொன்னேன். அப்புறம் மறந்துட்டேன்."

பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்சவல்லி அதைக் கவிழ்த்துச் சுவரோரம் வைத்தார். மற்றொன்றை எடுத்து, அதையும் அதன் பக்கத்தில் சரியாகச் சேர்த்து வைத்தார். பின்பு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் யாரோ டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்தார்கள். வாய்க்கால் கரையில் ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போய், திரும்பியும் வந்தது. திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தேன். அவர் எனக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை.

"ஐப்பசியில வீட்டுக்கு வந்து பஞ்சக் காட்டினாரு" என்றார் கடைசியில். குரல் எனக்குச் சொல்வதுபோல இல்லை. "'ஏ அம்சு, படிச்ச புள்ளைங்களோட ஒண்ணா உக்கார வச்சு எனக்கும் போட்டாங்க'ன்னாரு. ராத்திரி வரைக்கும் அந்தப் பஞ்ச எடுக்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருக்குத் தெரியுமா? கடைசியில, தெரிஞ்சுதா?"

"இல்லைங்க. சொல்லல."

"அதையாச்சும் நல்லதுக்குச் செஞ்சே." முதல் தடவையாக 'நீங்க' போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு அது திரும்பவே இல்லை.

"இப்ப போட்டா கேக்குமா?" என்றார்.

"கேக்கும். முழுசாப் போட்டா கேக்கும்."

"நீ சொல்றே."

"நான் சொல்றேன்."

அவர் உள்ளே போய் முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார். என் வண்டியில் ஏற மறுத்துவிட்டார். ஒன்றரை கிலோமீட்டர். அவர் முன்னால் நடக்க, நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன். வழியில் இரண்டு பேர் "எங்க அம்சவல்லி?" என்று கேட்டார்கள். அவர் நிற்காமல் நடந்தார். என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை.

சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும்போது நர்ஸ் கேட்டார்: "இதுக்கு முந்தி எப்பவாச்சும் போட்டிருக்கீங்களா?"

அம்சவல்லி என்னைப் பார்த்தார். சீட்டைக் கேட்டு வாங்கி, 'போட்டதில்லை' என்று நானே எழுதினேன். விரலைச் சுற்றிப் போடும் மருந்து அங்கே இல்லை. தஞ்சாவூரிலிருந்து வரவழைக்கச் சாருக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் இர்ஃபானா ஐஸ் பெட்டியோடு வந்து நின்றாள். தூரத்திலேயே நின்றாள்.

நர்ஸ் ஊசியை எடுத்தார். அம்சவல்லி கையைக் கொடுக்கவில்லை.

"இது ரத்தம் எடுக்கிறதா, மருந்து ஏத்துறதா?"

நர்ஸுக்குப் புரியவில்லை. "மருந்துதாம்மா. ஏத்துறதுதான்."

"காட்டு."

நர்ஸ் ஊசிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே கொஞ்சம் திரவம். அதன்பிறகுதான் கையை நீட்டினார். முகத்தைத் திருப்பவில்லை. குழாய் முழுக்கக் காலியாகும்வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று ஒவ்வொரு முறையும் நான் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் அவர் என்னிடம் பேசாமல் நர்ஸிடம் அதே கேள்வியைக் கேட்டார். நர்ஸும் பழகிப்போய், கேட்பதற்கு முன்பே குழாயைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தார். அப்படிக் காட்டிய பிறகும் அவர் கேட்டார்.

விசாரணை முடிந்தது. இப்போது பட்டியலில் மாடு பிடிக்கிறவருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் கட்டம் இருக்கிறது. ஒப்புதல் தாளை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. ஆய்வகத்தின் குளிர்பெட்டியில் டிசம்பரில் எடுத்த ரத்த நீர் இன்னும் ஆறு குப்பி இருக்கிறது. மேலே பெயர் கிடையாது, பூஜ்யம் என்பதற்கான குறி மட்டும். அதை வைத்துத்தான் இப்போதும் அளக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அது பூஜ்யமாகவே வருகிறது.

கடைசி ஊசி அன்று நர்ஸ் வைத்த பஞ்சை அம்சவல்லி வாசல்வரை அழுத்திக்கொண்டு வந்தார். படியில் நின்று அதை எடுத்தார். நடுவில் பொட்டளவு ரத்தம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பி நடந்தார்.